பதினேழு வருஷத்தைக் காணோம்

அத்தியாயம் 9

மூன்று தையல் கடைகளில் "உங்க அனுபவத்துக்குத் தகுந்த வேலை எங்ககிட்ட இல்லம்மா" என்று மரியாதையாக வாசலைக் காட்டிவிட்டார்கள். நாலாவது இடத்திலிருந்து, வேலைக்கு வரச் சொல்லி வந்த கடிதத்தை மாஸ்டர் அடுப்பு மேடையில் வைத்து மூன்று தடவை படித்தாள். போன வாரம் அதோடு நிறுத்தியிருந்தோம். அந்தக் கடிதத்தின் மேல் அவளுக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். நமக்கும்தான்.

கதைக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு நாலு வரி. கிடங்கில் வேலை பார்க்கும் கணவருக்கு சூப்பர்வைசராகப் பதவி உயர்வும், கூடவே இடமாற்றமும் வந்தது. குடும்பம் மூட்டை கட்டியது. மாஸ்டருக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. ரெடிமேட் ஆடைக் கம்பெனியில் பத்தொன்பது வருடம் துணி வெட்டியவள் அவள். கடைசிப் பதினொரு வருடம் அங்கே நாலு கட்டிங் டேபிளும் அவள் சொல்படிதான் நடந்தன. கேட் வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

இங்கே வந்து ஏழு வாரம். இங்கே அவளுக்குப் பெயர் 'மூணாவது மாடி'.

திங்கட்கிழமை காலையில் கணவரே டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் இது மூன்றாவது தடவையாக இருக்கலாம்.

"பாரும்மா, புது இடம். அங்க போய் ரொம்பப் பேச வேண்டாம். சொன்னதைச் செஞ்சுட்டு வந்துடு."

"நான் எங்கங்க ரொம்பப் பேசறேன்?"

"அதுக்கில்ல. மொதல் நாளே அனுபவம் அது இதுன்னு ஆரம்பிச்சா யாருக்கும் பிடிக்காது."

"அனுபவத்தைப் பாத்துத்தானே கூப்பிட்டிருக்காங்க?"

கணவர் தன் டம்ளரிலிருந்த டீயை ஊதினார். அது ஏற்கெனவே ஆறிப்போன டீ.

பதினாறு வயது மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். எதை எடுத்தாலும் இரண்டு பக்கமும் வாதாடுவாள். அன்று காலை அவள் வாயே திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு காலுறையைத் தேடிக்கொண்டே இருந்தாள். அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் வெளியே வந்தாள்.

இரண்டு பஸ் மாறி, ஊரின் விளிம்பில் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கட்டடத்துக்கு வந்து சேர்ந்தாள் மாஸ்டர். இந்த ஊரில் துணி வெட்டித் தைக்கிற கம்பெனி இது ஒன்றுதான். இதை விட்டால் வீட்டில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கால்சட்டைக்குக் கரை மடித்துக் கொடுக்க வேண்டியதுதான். உள்ளே நுழைந்ததும் புதுத் துணியின் வாசனை அடித்தது. ஏழு வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு சரியாக வந்தது.

மேனேஜர் ஐம்பது வயது அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்.

"ரெண்டாம் நம்பர் டேபிள். துணி விரிக்கணும். இன்சார்ஜ் சொல்றபடி செய்ங்க. சாயந்திரம் பாத்துட்டுச் சொல்றேன்."

துணி விரிப்பதா? ஒரு வினாடி மாஸ்டருக்கு முகம் சுண்டியது. பிறகு தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அவளும் புதிதாக வருகிறவர்களை முதல் அரைமணி நேரம் துணி விரிக்கத்தான் விடுவாள். எத்தனை சான்றிதழ் காட்டினாலும் கை பொய் சொல்லாது. நம்மைச் சோதிக்கிறார்கள், சோதிக்கட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

கட்டிங் இன்சார்ஜுக்கு முப்பது வயது இருக்கும். வேலை செய்யும்போது வாயில் ஏதாவது ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டே இருப்பான். அதனால் அவனுக்கு எல்லாரும் வைத்த பெயர் 'சீட்டி'. அவன் இவளுக்கு வைத்த பெயர் 'புதுசு'.

லாரியிலிருந்து இறங்கிய ரோல் அப்படியே டேபிளுக்கு வந்தது. பிளாஸ்டிக் உறையை அப்போதுதான் கிழித்தான். மாஸ்டர் துணியைத் தொட்டுப் பார்த்தாள். பனியன் துணி. அதை ரோலாகச் சுற்றும்போது இழுத்துத்தான் சுற்றுவார்கள். பிரித்துப் போட்டு ஒரு நாள் ஆற விட்டால்தான் தன் சொந்த அளவுக்கு வரும். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டின பிறகு சுருங்கும். துணி வெட்டுகிறவர்களுக்கு இது காலையில் பல் தேய்க்கிற மாதிரி சாதாரண விஷயம்.

"இது இன்னிக்குப் பிரிச்ச ரோலா?" என்று கேட்டாள்.

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒரு நாள் ஆற விடணுமே தம்பி. இப்ப வெட்டினா அளவு குறைஞ்சுடும்."

சீட்டிச் சத்தம் நின்றது. அவன் இவளை மேலும் கீழும் பார்த்தான்.

"உங்க சர்வீஸ் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். பாடம் எடுக்காம விரிங்க."

தெரிந்துமா இந்தப் பேச்சு? மாஸ்டருக்குக் காது சூடானது. பழைய கம்பெனியாக இருந்தால் இந்நேரம் அவனை டேபிளை விட்டு இறக்கியிருப்பாள். கணவர் காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

டேபிளின் எதிர்ப்பக்கம் துணியின் மறுமுனையைப் பிடித்திருந்த பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"பேசாம விரிங்கக்கா. இங்க இருந்த கட்டிங் மாஸ்டர் போன மாசம் வேலையை விட்டு நின்னுட்டார். அதுலேர்ந்து இவன் வச்சதுதான் சட்டம். எதிர்த்துப் பேசினவங்க யாரும் இங்க நிலைக்கல."

மாஸ்டர் இடம் காலி! அதற்குத்தான் நம்மைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? அறுபது அடுக்கு விரித்தார்கள். ஒரு அடுக்கைக்கூட அவள் இழுக்கவில்லை. தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போடுகிற மாதிரி போட்டாள். சீட்டி கத்தி மெஷினை ஓட்டினான். பதினொரு மணிக்கு வெட்டிய துண்டுகள் தையல் பகுதிக்குப் போயின.

இரண்டு மணிக்கு அதே துண்டுகள் தள்ளுவண்டியில் திரும்பி வந்தன.

முன்பக்கம், பின்பக்கம் எல்லாமே அளவுக்கு வைத்திருக்கும் மாதிரி அட்டையை விட முக்கால் அங்குலம் குட்டை. தையல் பகுதியிலிருந்து ஆட்கள் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். மேனேஜரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து அட்டை மேல் வைத்துப் பார்த்தார்.

"என்ன இது?"

சீட்டி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "புதுசு இழுத்து விரிச்சிருக்காங்க மேடம். நான் அப்பவே சொன்னேன், கேக்கல."

பழியைத் தூக்கித் தலையில் போடுவதற்கும் ஒரு கூச்சம் வேண்டாமா? மாஸ்டர் தள்ளுவண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் இழுக்கல. துணியை ஆற விடாம வெட்டியிருக்கு. காலையிலேயே சொன்னேன். இவங்களைக் கேளுங்க."

எதிர்ப்பக்கத்துப் பெண் தரையைப் பார்த்தாள். அவளுக்கு வேலை வேண்டும். மாஸ்டருக்கு அது புரிந்தது. புரிந்தும் கோபம் குறையவில்லை.

மேனேஜரம்மா கையிலிருந்த ஃபைலைப் புரட்டினார். "ரெண்டு வருஷம் துணி விரிச்ச அனுபவத்துல இவ்வளவு தூரம் பேசறீங்களேம்மா."

"ரெண்டு வருஷமா? பத்தொன்பது வருஷம் மேடம். பதினோரு வருஷம் கட்டிங் மாஸ்டர்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். மேனேஜரம்மா சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை உருவி நீட்டினார்.

முத்து முத்தான, லேசாகச் சாய்ந்த எழுத்து. 'பணி: துணி விரிப்பவர். அனுபவம்: 2 ஆண்டுகள். சான்றிதழ்: இல்லை.'

அந்த எழுத்தை அவளுக்கு இருட்டில்கூட அடையாளம் தெரியும். அந்த வீட்டில் எந்த விண்ணப்பமாக இருந்தாலும் எழுதுவது கணவர்தான். அவர் எழுத்து அழகு என்று கல்யாணமான புதிதில் இவள்தான் புகழ்ந்தாள், அன்றிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. கேஸ் சிலிண்டர், பேங்க், மகளின் பள்ளிக்கூடம், எல்லாம். எழுதி முடித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் அடித்துக் கொடுப்பார். இவள் நின்றபடியே, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, டிக் இருக்கிற இடத்தில் போடுவாள். ஒரு நாளும் படித்ததில்லை. சொந்த வீட்டில் யாராவது படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்களா?

இந்தக் காகிதத்திலும் பென்சில் டிக்கை அழித்த தடம் தெரிந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்து.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"மேல உள்ளதெல்லாம் உண்மைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்ப இது பொய்யா, நீங்க இப்ப சொல்றது பொய்யா?"

'என் வீட்டுக்காரர் எழுதினார்' என்று சொல்ல ஒரு வினாடி போதும். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு வினாடி அவளுக்குக் கிடைக்கவில்லை.

"பழைய கம்பெனி குடுத்த சான்றிதழ் வீட்ல இருக்கு மேடம்" என்றாள்.

"இல்லைன்னு எழுதியிருக்கு. நீங்க கிளம்புங்க. நான் சொல்லி அனுப்பற வரைக்கும் வர வேண்டாம்."

பின்னால் சீட்டிச் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். இன்றைக்கு அழக் கூடாது, அழுதால் கோபம் கரைந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இந்தக் கோபம் கரையக் கூடாது. இதை அப்படியே சூடு குறையாமல் மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

நாலரை மணிக்கு மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே பையைக் கீழே போட்டாள்.

"ஃபாரத்தைக் காட்டிட்டாங்களா?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"தபால்ல போட்டது நான்தாம்மா. போடறதுக்கு முன்னாடி படிச்சேன். அப்பா சொல்லாதேன்னார்."

"அவர் சொன்னார், நீயும் வாயை மூடிக்கிட்டே. ஊருக்கெல்லாம் வாதாடற வாய்! பெத்தவளுக்காக ஒரு வார்த்தை வரலையா?"

வக்கீலுக்குக் கண் நிறைந்தது. மாஸ்டர் சமாதானப்படுத்தவில்லை. ஒருநாளாவது இவர்கள் அழட்டும் என்று இருந்தது அவளுக்கு.

ஐந்தரை மணிக்குக் கணவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னம்மா, வேலை எப்படி?"

"என் பதினேழு வருஷத்தைக் காணோம். எங்க வச்சிருக்கீங்க? எடுத்துக் குடுங்க."

கணவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்து மேஜை மேல் வைத்தார். மறுபடி எடுத்துப் பையில் போட்டார்.

"கோபப்படாம கேளு. மூணு இடத்துலயும் அனுபவம் ஜாஸ்தின்னுதானே வேண்டாம்னாங்க? நான் குறைச்சு எழுதினேன். கூப்பிட்டாங்களா, இல்லையா?"

"குறைக்கறதுன்னா பதினஞ்சுன்னு எழுதலாம். பத்துன்னு எழுதலாம். ரெண்டா? இவ என் வயித்துல ஏழு மாசமா இருக்கும்போது மெஷினைப் பிடிச்சுக்கிட்டு நின்னேனே, அது எந்த ரெண்டுல வருது?"

"வேலை கிடைக்கட்டும்னுதான்..."

"சான்றிதழ் இல்லைன்னு எழுதியிருக்கீங்க! பீரோவுல இருக்கறதை நானே எடுத்து உங்க கையில குடுத்தேன். இன்னிக்கு இருபது பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு நிக்க வச்சுட்டீங்க."

"சத்தம் போடாதே, கீழ் வீட்ல கேக்கும்."

"கேக்கட்டும்! அவங்களுக்காவது நான் யாருன்னு தெரியட்டும்!"

இவ்வளவு நேரம் சுவரில் சாய்ந்து நின்ற வக்கீல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, அது இல்ல காரணம். அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்களே, அதைச் சொல்லுங்க."

"நீ உள்ள போ."

"போக மாட்டேன். சொல்லுங்க."

கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"அங்க பதினோரு வருஷம் நான் யாரு? மாஸ்டர் வீட்டுக்காரர். கடைக்காரன்லேர்ந்து என் ஆபீஸ் பியூன் வரைக்கும் அப்படித்தான். என் வேலை என்னன்னு ஒருத்தன் கேட்டதில்ல. இங்க ஏழு வாரமா என்னை சூப்பர்வைசர்னு கூப்பிடறாங்க. நீயும் இங்க மாஸ்டரா போயிட்டா மறுபடி அதே கதைதான். கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டுமேன்னு நினைச்சேன்."

அந்த நேரத்தில் மாஸ்டருக்குக் கணவர் மேல் இரக்கம் வந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. வரவில்லை. ஊரை விட்டு, வேலையை விட்டு, அவருடைய பதவி உயர்வுக்காக இவள் வந்தாள். வந்த இடத்தில் அவர் பெரிய மனிதராக இருப்பதற்கு இவள் சின்னவளாகவும் ஆக வேண்டுமா?

"நீங்க உசரமா தெரியணும்னா நாற்காலி மேல ஏறி நில்லுங்க. என் காலை ஏன் வெட்டறீங்க?"

கணவர் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. விண்ணப்பத்தில் அவர் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். எடுத்துக் காதில் வைத்தவர் விறைத்து உட்கார்ந்தார். வக்கீல் கையை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள்.

மேனேஜரம்மாவின் குரல் அறைக்குள் வந்தது.

"...அந்த ரோல்லேர்ந்தே ஒரு கஜம் வெட்டி மேஜை மேல போட்டு வச்சேன். யாரும் தொடல. ரெண்டு மணி நேரத்துல முக்கால் அங்குலம் சுருங்கியிருக்கு. துணி விஷயத்துல உங்க மனைவி சொன்னது சரி. எனக்கு ஒரு கட்டிங் மாஸ்டர் தேவை. ஆனா பேப்பர்ல ரெண்டு வருஷம்னு இருக்கு, அவங்க பத்தொன்பதுங்கறாங்க. பொய் சொல்றவங்களை நம்பி நான் டேபிளைக் குடுக்க முடியாது. நீங்க வீட்டு ஆள், சொல்லுங்க. எது உண்மை?"

கணவர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்.

"இப்ப மாத்திச் சொன்னா நம்ம ரெண்டு பேர் மானமும் போயிடும். ரெண்டுன்னே சொல்லிடறேன். உள்ள போயிட்டா அப்புறம் மெதுவா மேல வந்துக்கலாம்."

"சொல்லுங்க" என்றாள் மாஸ்டர். "என் முகத்தைப் பாத்துக்கிட்டு, உங்க வாயால சொல்லுங்க. நான் கேக்கறேன்."

சொல்ல மாட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். பதினெட்டு வருடம் கூட இருந்த மனிதர், எதிரில் நிற்க வைத்துக்கொண்டு சொல்ல மாட்டார்.

கணவர் கையை எடுத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு வருஷம்தாங்க மேடம்."

"அப்பா!" என்று கத்தினாள் வக்கீல்.

மாஸ்டர் போனை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். மத்தியானம் வராத வார்த்தை இப்போது தங்குதடை இல்லாமல் வந்தது.

"மேடம், நான்தான் பேசறேன். பத்தொன்பது வருஷம். சான்றிதழ் இருக்கு. அந்தப் பேப்பரை எழுதினது என் வீட்டுக்காரர். இப்ப உங்ககிட்ட பொய் சொன்னதும் அவர்தான். படிக்காம கையெழுத்துப் போட்டது மட்டும் நான். அந்தத் தப்புக்கு என்ன சொல்றீங்களோ சொல்லுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு சான்றிதழோட வாங்க" என்றார் மேனேஜரம்மா. "எழுதினவரையும் கூட்டிட்டு வாங்க. என் முன்னாடி உக்காந்து, அவர் கையாலயே ரெண்டை அடிச்சுட்டுப் பத்தொன்பதுன்னு எழுதட்டும். அதுக்கப்புறம் வேலையைப் பத்திப் பேசலாம். அவர் வரலைன்னா நீங்களும் வர வேண்டாம்."

போன் அடங்கியது. கணவரின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அந்தம்மா முன்னாடி நான் போய் உக்காந்து எழுதணுமா? என்னால முடியாது. நான் வர மாட்டேன்."

மாஸ்டர் போனை அவர் மடியில் போட்டாள்.

"வராதீங்க. உங்களை நான் இழுத்துக்கிட்டுப் போக மாட்டேன். ஆனா நான் ஒன்பது மணிக்கு அங்க இருப்பேன். உள்ள விடலைன்னா கேட்லயே நின்னு அந்தப் பேப்பரை வாங்கி நானே திருத்துவேன். இனிமே இந்த வீட்ல எனக்கு நீங்க எதுவும் எழுத வேண்டாம்."

"நீயே திருத்துவியா?"

"திருத்தறப்ப பத்தொன்பதோட நிறுத்த மாட்டேன். அதுல கணவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதையும் அடிக்கணுமா வேண்டாமான்னு காலையில பஸ் வர்றதுக்குள்ள நீங்க சொல்லுங்க."